நிற்க மறுத்த இஞ்சின்

விடிகாலையில் குளிர்ந்து கிடக்கும் டீசல் இஞ்சினை முடுக்கும்போது வருகிற வெள்ளைப் புகைக்கு ஒரு தனி வாசம் உண்டு. மூக்கில் ஏறும்போது இலேசாக இனிக்கும், தொண்டைக்குள் இறங்கியதும் சுரண்டத் தொடங்கும், கண்ணில் நீரை வரவழைத்துவிட்டுத்தான் கலைந்து போகும். போர் முடிந்து வந்த இரண்டாவது வாடைக்காலத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, உடப்புக் கடற்கரையில் நாங்கள் கரைவலை இழுக்கும் இடத்தில் ஒவ்வொரு நாளும் அந்தப் புகையோடுதான் விடிந்தது. புகைக்குப் பின்னால் சத்தம் வரும். காதுக்கு முன்பே உள்ளங்காலுக்கு அது தெரிந்துவிடும். மணலுக்கு அடியில் யாரோ சம்மட்டியால் அடித்துக்கொண்டிருப்பதைப் போல ஒவ்வொரு வெடியும் காலில் ஏறும்.

இஞ்சினைக் கொண்டுவந்தவர் தேவன் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. வலையும் வள்ளமும் அவருடையவை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவரைச் 'சம்மாட்டி' என்போம். வலை இழுக்கும் ஆட்களுக்குத் தலைவராக இருந்தவர் என் அப்பா. மாமாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு வருடம்தான் வயது வித்தியாசம், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். எதற்கெடுத்தாலும் சண்டை போடுவார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும், கறிக்குப் புளி போதுமா, எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று எங்கள் முற்றத்தில் அவர்கள் குரல் ஏறாத பின்னேரமே கிடையாது. ஆனால் அந்த வாடைக்காலம் வரை அந்தச் சண்டைகளில் கை ஏதும் நீண்டதில்லை.

கரைவலை இழுப்பதைச் சுற்றுலா வந்தவர்கள் நின்று படம் எடுத்துப் போவார்கள். இழுத்தவர்களின் இடுப்பை அவர்கள் பார்த்ததில்லை. வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையிலிருந்து முப்பது பேர் இழுக்க வேண்டும். கயிற்றில் ஒரு பட்டையைக் கொளுவி, அதை இடுப்பில் போட்டு, மணலில் குதிகாலைப் புதைத்துப் பின்பக்கமாக நடப்பார்கள். இரண்டு மணித்தியாலம், சில நாட்களில் மூன்று. அப்பாவின் இடுப்பைச் சுற்றி முதலையின் முதுகுபோல ஒரு தோல் இருந்தது. கோபம் வந்தால் அவர் அம்மாவை அடிப்பார், என்னையும் அடிப்பார். அடித்த பிறகு அந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகக் குந்திவிடுவார். அந்த உடம்பில் வலி குடியிருந்ததை இன்று என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அன்று பயம் மட்டும்தான் இருந்தது.

போர் முடிந்ததும் ஆட்கள் குறைந்துபோனார்கள். முல்லைத்தீவுப் பக்கம் கரைவலை வளைக்கும் இடங்களான பாடுகள் மறுபடியும் திறந்துவிட்டன என்று பலர் குடும்பத்தோடு போனார்கள், இளந்தாரிகள் கட்டாருக்கும் குவைத்துக்கும் போனார்கள். முப்பது பேர் நின்ற கயிற்றில் இருபது பேர் நின்றார்கள், அதிலும் ஐந்தாறு பேர் கிழவர்கள். ஒரு நாள், மடி என்கிற நடுப்பை நிறைய மீனோடு வலை கரைக்கு வர மறுத்து நீரோட்டத்தில் இழுபட்டுக் கிழிந்துபோனது. அதற்கு அடுத்த கிழமைதான் மாமா சிலாபத்துக்குப் போய், மூடிக் கிடந்த ஒரு நெல் ஆலையிலிருந்து பழைய ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் ஒன்றை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே சுனில் பாஸும் வந்தார். அவர் சிலாபத்துச் சிங்கள மெக்கானிக், கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் 'பாஸ்' என்போம். நாற்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர், உடைந்த தமிழில் எல்லோரையும் 'அய்யா' என்று கூப்பிடுவார். இருவரும் சேர்ந்து கடற்கரையில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டு, கொங்கிறீட் கட்டையில் இஞ்சினைப் பூட்டி, பட்டி வழியாக ஒரு இரும்பு உருளையோடு அதை இணைத்தார்கள். 'ரோதை' என்று அதற்குப் பெயர் விழுந்தது. ஒரு பக்கத்துக் கயிற்றை ரோதையில் மூன்று சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஒருவர் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், இஞ்சின் இழுத்துக்கொள்ளும்.

இன்று நான் பாடசாலை ஒன்றில் பொறியியல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். டீசல் இஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது கரும்பலகையில் வரைகிறேன். படம் அமைதியானது, உள்ளே நடப்பது அப்படி இல்லை. பிஸ்டன் பின்வாங்கும்போது காற்று உள்ளே உறிஞ்சப்படும். அது திரும்பி வந்து அந்தக் காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கும். நசுங்கிய காற்று ஐந்நூறு பாகையைத் தாண்டிச் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடி சுடுவது தெரியும், அதன் கொடூரமான வடிவம் இது. அந்த நேரம் பார்த்து டீசலைத் தூவினால் தீப்பொறி எதுவும் தேவையில்லை, தானாகவே பற்றி வெடிக்கும். வெடித்த வாயு பிஸ்டனை அடித்துத் தள்ளும், மறுபடி அது வரும்போது கரியும் சூடும் வெளியே துப்பப்படும். ஒரு நிமிடத்தில் இப்படிச் சில நூறு வெடிகள். நாங்கள் இஞ்சின் 'ஓடுது' என்று சொல்வதெல்லாம் ஓர் இரும்புக் குடுவைக்குள் அடக்கிவைத்த அடிதடியைத்தான்.

முதல் நாள் அது வலையை இழுத்தபோது கடற்கரையே வந்து நின்றது. முக்கால் மணித்தியாலத்தில் மடி கரையில் கிடந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். அப்பா மட்டும் இஞ்சினின் தலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாதிரி இஞ்சினுக்குத் தனியாகக் குளிரூட்டி இல்லை. தொட்டித் தண்ணீர்தான் சூட்டை வாங்கிக் கொதித்து ஆவியாகப் போகும், போகப்போக வாளியால் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

"இவ்வளவு தண்ணி கொதிச்சு வீணாப் போகுதே மச்சான், இது கயித்த இழுக்குதா, இல்ல கடலுக்குச் சோறு காய்ச்சுதா?" என்று அப்பா கேட்டார். ஆட்கள் சிரித்தார்கள்.

மாமா கோபப்படவில்லை. "எரியிற சூட்டில மூண்டில ஒரு பங்குகூடக் கயித்துக்கு வராது. மத்தது புகையிலயும் தண்ணியிலயும் போகத்தான் வேணும். போகவிடாட்டி இஞ்சின் இறுகிச் செத்துரும்" என்றார்.

"அப்ப நாங்க சாப்பிடுறதில எவ்வளவு வீணாப் போகுது எண்டும் கணக்குப் பாத்துத்தான் எங்கள நிப்பாட்டப்போறியா?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

மாமா சொன்னது சரி என்பது எனக்கு ஏழு வருடம் கழித்து உயர்தர வகுப்பில் தெரிந்தது. வெப்பவியக்கவியலின் முதலாம் விதி, சக்தியை ஒன்றுமில்லாததிலிருந்து எடுக்க முடியாது என்கிறது. இரண்டாம் விதி அதைவிடக் கறாரானது: எரித்துப் பெற்ற வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றுகிற இஞ்சின் ஒன்றை எந்த மனிதனாலும் கட்ட முடியாது, ஒரு பகுதியைக் குளிர்ந்த ஏதோ ஒன்றின் மேல் கொட்டியே ஆக வேண்டும். சூடான இடமும் குளிர்ந்த இடமும் இரண்டும் இருந்தால்தான் இஞ்சின். ஆசிரியர் அதைச் சொன்னபோது வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அப்பாவின் கேள்வி ஞாபகம் வந்தது. மனித உடம்பு இந்த வகை இஞ்சினே இல்லை, அது வேறு வழியில் வேலை செய்கிறது என்பதையும் பிறகு படித்தேன். ஆனால் அப்பா கேட்டது பௌதிகவியல் கேள்வி இல்லையே.

யாரையும் நிறுத்தமாட்டேன் என்றுதான் மாமா சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் இருபது பேர் வந்து நின்றால் பத்துப் பேருக்கு வேலை இல்லை என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. வேலை இல்லாதவர்கள் சாராயம் குடித்துவிட்டு வந்து கொட்டிலைச் சுற்றி நின்றார்கள். இரண்டாவது கிழமை யாரோ கொட்டில் ஓலைக்கு நெருப்பு வைத்தார்கள். சுனில் பாஸ் ஈரச் சாக்கால் அடித்து அணைத்தார், அவருடைய முன்னங்கைத் தோல் உரிந்தது. மூன்றாவது கிழமை மாமாவின் வீட்டுக் கூரையில் கல் விழுந்து ஓடு உடைந்து, தொட்டிலில் கிடந்த அவருடைய ஆறு மாதக் குழந்தையின் பக்கத்தில் கொட்டியது. மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உன்ர ஆக்கள்தான். நீ சொல்லாம எறியமாட்டாங்க" என்றார்.

"என்ர ஆக்களா? அவங்க உன்ர வலையில முதுகுடைச்ச ஆக்கள்."

மாமா அப்பாவின் சட்டையைப் பிடித்தார், அப்பா முற்றத்தில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தார். முதல் அடி மாமாவின் தோளில் விழுந்தது, இரண்டாவது அடிக்கு நடுவில் அம்மா போய் நின்றார். துடுப்பின் தட்டையான பக்கம் அம்மாவின் காதோடு சேர்த்து அடித்தது. அம்மா விழவில்லை, காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். விரல்களுக்கு இடையால் இரத்தம் வந்தது. மாமா போய்விட்டார். அப்பா துடுப்பைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் குந்தினார். அம்மாவுக்கு அந்தக் காது பிறகு சரியாகக் கேட்டதே இல்லை.

இத்தனைக்கும் பிறகு அப்பா வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. மாமாவும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே கயிற்றில் நின்றார்கள். காலையில் ஒரு வளைப்பு, பின்னேரம் ஒரு வளைப்பு. நடுவில் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள், சுனில் பாஸ் ட்ரக்டருக்குக் கீழே கண்ணயர்வார், அப்பா மட்டும் கடற்கரையிலேயே இருப்பார். அவருக்குச் சோறு கொண்டுபோவது நான்.

அன்று ஒரு வியாழக்கிழமை. உச்சி வெயிலில் மணல் சுட, பனையோலைத் துண்டைக் காலுக்குக் கீழே போட்டுப் போட்டு நடந்து போனேன். கொட்டிலுக்குள் அப்பா குனிந்து நின்றார். இஞ்சினின் பக்கவாட்டில் ஒயில் ஊற்றுகிற வாயின் மூடி கழன்று கிடந்தது. மஞ்சள் கலனை இரண்டு கையாலும் பிடித்து அவர் ஊற்றிக்கொண்டிருந்தார். கறுத்த ஒயில் தேன்போல நூலாக இறங்கியது. நிறைய நேரம் இறங்கியது. மூடியைத் திருகி, உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தால் இஞ்சினைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் என்னைக் கண்டார்.

"ஒண்டுமில்ல. ஒயில் கூடினா மூச்சடைச்சு நிண்டுரும். எல்லாரும் பாக்க நிக்கட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ ஒண்டும் காணல்ல, என்ன?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு குறும்பு செய்த பிள்ளையின் குரலாக இருந்தது, அதனால் எனக்கும் அது ஒரு சின்ன விஷயமாகவே பட்டது. இஞ்சின் எல்லோர் முன்னாலும் நின்றுபோகும், மாமா வெட்கப்படுவார், பழையபடி இருபது பேரும் கயிற்றைப் பிடிப்பார்கள். அப்பாவின் திட்டம் அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒரு காயமும் படக்கூடாது என்றுதான் அவர் நினைத்திருந்தார் என்பதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

பின்னேரம் வலை வளைத்து, வடக்குப் பக்கக் கயிறு ரோதையில் ஏறியது. கயிற்றின் முனையை மாமாவே பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா நாலைந்து பெண்களோடு பத்து யார் தூரம் தள்ளி இருந்து காலை வளைப்பில் பட்ட மீனை வெட்டிக் கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். இஞ்சின் வழக்கம்போலத்தான் தொடங்கியது. கால் மணித்தியாலம் போனதும் புகை நீலமாக மாறியது. அதன் பிறகு சத்தம் ஏறத் தொடங்கியது.

வெடிகள் ஒன்றோடொன்று ஒட்டின. தனித்தனி அடியாக இருந்தது ஒரே ஊளையாக நீண்டது. சுனில் பாஸ் ஓடிவந்து நிறுத்துகிற நெம்புகோலைத் தள்ளினார், நிற்கவில்லை. டீசல் குழாயைப் பூட்டினார், நிற்கவில்லை. கடைசியில் குழாயையே பிடுங்கி எறிந்தார், டீசல் மணலில் ஊற்றியது, இஞ்சின் இன்னும் வேகமாக ஓடியது. அவர் முகத்தை நான் பார்த்தேன். பேயைக் கண்ட முகம் என்று சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். அளவுக்கு மிஞ்சிய ஒயிலைச் சுழல்கிற தண்டு அடித்து நுரையாக்கி, பிஸ்டனின் வளையங்களைத் தாண்டியும் மூச்சுக் குழாய் வழியாகவும் மேலே அனுப்பியது. ஒயிலும் எரியும். அதுவே எரிபொருளாகிவிட்டது. எரிய எரிய வேகம் கூடும், வேகம் கூடக்கூட இன்னும் ஒயில் மேலே ஏறும். டீசலை நிறுத்துவதால் ஒரு பயனும் இல்லை, தன்னுடைய உடம்பில் உள்ளதைத் தானே எரித்துக்கொண்டு, உடைந்து சிதறும் வரை அது ஓடும். சூட்டைக் கொட்டுவதற்கென்று இருந்த தொட்டித் தண்ணீர் ஒரே கொதியில் எழும்பி வெளியே பாய்ந்து, பக்கத்தில் நின்ற ஒரு கிழவரின் முதுகை அவித்தது.

ரோதை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. கயிறு வழுக்கிப் புகைந்தது. வலையோடு கயிறு இப்படி இழுபட்டால் வள்ளத்தில் நிற்பவர்களும் கயிற்றோரம் நிற்பவர்களும் அறுபட்டுப் போவார்கள் என்று மாமாவுக்குத் தெரியும். ரோதையிலிருந்து சுற்றைக் கழற்றி எறிய அவர் கையை நீட்டினார். கயிறு ஒரு சுற்று அவருடைய மணிக்கட்டில் விழுந்தது.

அவர் கத்தியது கேட்கவில்லை, இஞ்சினின் ஊளைக்கு மேலே எதுவும் கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. முதலில் ஓடியவர் அப்பா. இடுப்பிலிருந்த வலைக் கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்து, ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தார். அறுந்த முனை ரோதையோடு சுழன்று வந்து அவருடைய தாடையிலிருந்து நெற்றி வரை அடித்துக் கிழித்தது. இருவரும் ஒருவர் மேல் ஒருவராக மணலில் விழுந்தார்கள். மாமாவின் வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டி அறுந்து ஓலையைக் கிழித்துக்கொண்டு போனது, கொங்கிறீட் கட்டை வெடித்தது. எல்லோரும் பின்னால் ஓடினார்கள், சுனில் பாஸ்கூட ஓடினார். என் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தார். மீன் வெட்டிக்கொண்டிருந்த பலகையைச் செதிலும் இரத்தமுமாக அப்படியே எடுத்துக்கொண்டு இஞ்சினை நோக்கி நடந்தார். ஓடவில்லை, நடந்தார். காற்று உள்ளே போகிற குழாயின் வாய் உள்ளங்கை அகலத்தில் திறந்திருந்தது. அதன் மூடி உடைந்து பல நாளாகிவிட்டது. அம்மா பலகையை அந்த வாயில் வைத்து நெஞ்சால் அழுத்தினார். குழாய் பலகையைக் கவ்வியது. இஞ்சின் இருமியது, குலுங்கியது, இரண்டு முறை வெறுமையாகச் சுற்றியது. நின்றது.

பிறகு பலர் அம்மாவிடம் அது எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "அடுப்ப மூடினா நூருந்தானே" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

மாமாவை அதே ட்ரக்டரில் ஏற்றிச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அம்மாவும் கூடப் போனார். அப்பாவின் முகத்தை யாரோ சாரத்தால் கட்டிவிட்டார்கள். எல்லோரும் அவருடைய முதுகில் தட்டினார்கள். தான் துடுப்பால் அடித்த மச்சானுக்காகவே உயிரைக் கொடுக்கப் பாய்ந்தவர் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அப்பா இரத்தம் கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சூரியன் விழுவதற்குள் ஒருவர் இஞ்சினின் அடிப்பூட்டைக் கழற்றிப் பார்த்தார். இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு ஒயில் கொட்டியது. ஒயிலைத் தொடுகிறவர் ஒரே ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். சுனில் பாஸைத் தென்னையோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டியது அறுந்துபோன அதே வடக்குக் கயிற்றால். "காலையில நான் பாத்தது அய்யா, அளவு சரி, கோல் எடுத்துப் பாத்தது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் கேட்பது? முதலில் கையால் அடித்தார்கள், பிறகு மட்டையால். ஒருவர் அவருடைய வாயில் மணலைத் திணித்தார். "வேணுமெண்டு செய்தவன், எங்கட ஆக்களக் கொல்லத்தான் வந்தவன்" என்று ஒரு குரல் எழும்பியதும் அடிகளின் சத்தமே மாறிப்போனது. போர் முடிந்து இரண்டு வருடம் ஆகவில்லை. அந்தக் குரலுக்குள் வேறு பல வருடங்கள் இருந்தன. ஒரு பெட்டி நெருப்புக்குச்சியை யாரோ கையில் வைத்திருந்ததைக் கண்டேன். மணலில் சிந்திய டீசல் சுனில் பாஸின் காலடி வரை ஊறிக் கிடந்தது.

அப்பா அங்கேயே நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். சுனில் பாஸின் தலை தொங்கியது.

"அப்பாதான் ஊத்தினது!"

அது என் குரல்தான் என்று எனக்கே தெரிய ஒரு கணம் எடுத்தது. கூட்டம் திரும்பியது. "மத்தியானம் சோறு கொண்டுபோகக்குள்ள நான் கண்டது. மஞ்சள் கலன்ல ஊத்தினவர். அப்பாதான்."

அப்பா என்னை நோக்கி வந்தார். முகத்துக் கட்டில் ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது. அடி விழப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைக் கடந்து போனார். தென்னையடிக்குப் போய்க் கயிற்றை அறுத்து, சுனில் பாஸைத் தாங்கி மணலில் கிடத்தினார், வாயிலிருந்த மணலை விரலால் வழித்தார். பிறகு கத்தியைத் தூரத்தில் எறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ள சொல்றது உண்மை. நிண்டுரும் எண்டு நினைச்சேன். அடிக்கிறதெண்டா என்னை அடிங்க."

அடித்தார்கள். அவரோடு பதினைந்து இருபது வருடம் ஒரே கயிற்றில் நின்றவர்கள், முதுகில் தட்டிய அதே கைகளால், காலால், மட்டையால் அடித்தார்கள். அப்பா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நான் ஓடிப்போய் ஒருவருடைய காலைப் பிடித்ததும், என்னை யாரோ தூக்கி எறிந்ததும், வாயில் உப்பு மணல் பட்டதும் ஞாபகம் இருக்கிறது. பொலிஸ் வந்துதான் விட்டார்கள். அவர்கள் அப்பாவைக் கைது செய்தார்களா காப்பாற்றினார்களா என்று அந்த நேரத்தில் சொல்ல முடியாது, இரண்டும்தான்.

வழக்கில் மாமா முறைப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டார். சுனில் பாஸ் குணமாகிச் சிலாபத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அப்பா சில மாதங்களில் வீட்டுக்கு வந்தார், இரண்டு விலா எலும்பும் ஒரு கண்ணும் பழுதாகி. அதற்குப் பிறகு அவர் யாரையும் அடித்ததில்லை. யாரோடும் அதிகம் கதைத்ததும் இல்லை. கடற்கரைப் பக்கம் போகாமல் ஒரு தென்னந்தோட்டத்தில் காவலுக்கு நின்றார். என்னோடு அவர் கோபப்படவில்லை. ஆனால் நான் சோறு போட்டால், ஒரு வேலைக்காரர் முதலாளி வீட்டில் சாப்பிடுவதைப் போலத் தலை நிமிராமல் சாப்பிடுவார். அதைவிட அடித்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அம்மா, மாமா இடது கையால் சாப்பிடப் பழகும் வரை அவருடைய வீட்டிலேயே இருந்துவிட்டுத்தான் திரும்பினார்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு வந்த ஒரு நாள், மேசையில் என்னுடைய புத்தகம் விரித்துக் கிடந்தது. அதில் வெட்டுமுகமாக வரைந்த ஒரு டீசல் இஞ்சின். அப்பா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஊத்தின ஒயில் எதால போனது?" என்று கேட்டார்.

பத்து வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது. நான் விரலை வைத்துக் காட்டினேன். இந்த வளையம், இந்தக் குழாய், இந்த அறை. அவர் ஒற்றைக் கண்ணால் விரலைத் தொடர்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அது நிண்டிருக்காதா? கொஞ்சம் குறைய ஊத்தியிருந்தா?" என்றார்.

"குறைய ஊத்தியிருந்தா ஒண்டுமே நடந்திருக்காது அப்பா. அதுவும் ஓடியிருக்கும், நீங்களும் ஏமாந்திருப்பீங்க."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, "தேவன்ர வீட்ட வாறியா?" என்றார்.

மாமா முற்றத்தில் இடது கையால் விறகு பிளந்துகொண்டிருந்தார். அப்பா வேலிப் படலைக்கு வெளியே நின்றபடியே, நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல், வளையத்திலிருந்து குழாய் வரை அவருக்குச் சொன்னார். இடையில் மூச்சு வாங்கியது. மாமா கோடரியைக் கட்டையில் கொத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரியிலயே தெரியும்" என்றார் கடைசியில். "இதச் சொல்ல உனக்குப் பத்து வருஷமா?"

அப்பா அழுதார். மாமா படலையைத் திறந்துவிட்டார்.

இதை எழுதுகிற இன்று, அந்தக் கொட்டில் நின்ற நிலமே இல்லை. வருடம் வருடமாகக் கடல் தின்று, இப்போது அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. கரையின் மற்றப் பக்கத்தில் ட்ரக்டர்கள் வலை இழுக்கின்றன, ஒருவரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. கயிற்றை இடுப்பில் போட்டு மனிதர்கள் பின்பக்கமாக நடந்த காலம் போனதற்காக நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அப்பா போன வருடம் இறந்தார். கடைசி வரை மாமா கிழமைக்கு ஒரு தடவை வந்து போனார். இருவரும் எதிரெதிரே கதிரையில் இருந்து, கலியாண வீட்டில் அறிமுகமான இரண்டு பேரைப் போல, "தேத்தண்ணி குடிங்க", "வெயில் கூடத்தான்" என்று மரியாதையாகக் கதைப்பார்கள். மாமா எதைச் சொன்னாலும் அப்பா "ஓம், ஓம்" என்பார். உள்ளே அம்மா, கேட்கிற காதை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கதவோரம் நிற்பார். அவர்கள் ஒரு தடவையாவது குரல் உயர்த்திச் சண்டை போடமாட்டார்களா என்று நானும் காத்திருந்தேன். போடவே இல்லை.